மண்ணுக்கு ஒரு கந்தோர், மக்களுக்கு ஒரு கந்தோர்

பிரித்தானியாவுக்கு வந்து சேர்ந்த எமது குடும்பங்களிற் பெரும்பாலானவை லண்டனிலும் அதனைச் சூழ்ந்த நகரங்களிலுமே வாழ்கின்றன. ஆயினும் கடை நடத்தவும், பெற்றோல் நிலையம் எடுத்து நடத்தவும், குறைந்த விலையில் வீடு தேடியும் இங்கிலாந்தின் சிற்றூர்களை நோக்கிச் செல்வோரும் நம்மிடையே உள்ளனர். அங்கு சென்றவர்கள் முதலில் திகைப்பது ஒரு விடயத்தில்தான்: எதற்கு யாரிடம் போவது?

ஊரில் இருந்தபோது இந்தக் கேள்வி அவ்வளவாக எழவில்லை. எதற்கும் முதலில் விதானையாரிடம் போவோம். தம்மால் முடியாததை அவர் உதவி அரசாங்க அதிபர் கந்தோருக்குக் காட்டிவிடுவார். இங்கே விதானையார் இல்லை. பஸ் நின்றுபோனால் ஒரு கதவு, ஆற்றில் எண்ணெய் மிதந்தால் இன்னொரு கதவு, வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை கட்டுவதென்றால் மூன்றாவது கதவு. தவறான கதவைத் தட்டினால் "இது எமது பொறுப்பல்ல" என்ற மரியாதையான பதில் கிடைக்கும். அதற்குள் இரண்டு கிழமை போய்விடும்.

இந்தப் பிரிவினை தற்செயலாக வந்ததல்ல. கிராமத்தின் மண், மரம், ஆறு, பறவை ஆகியவற்றைக் காப்பது யார், அங்கு வாழும் மனிதரின் தொழில், வீடு, போக்குவரத்து ஆகியவற்றைக் கவனிப்பது யார் என்பது இந்நாட்டில் நூறு வருடங்களுக்கு மேலாக நடந்துவரும் வழக்கு. அந்த வழக்கின் கதை தெரிந்தால், எந்தக் கதவு ஏன் அங்கே இருக்கிறது என்பதும், எந்த இடத்தில் கதவே இல்லை என்பதும் விளங்கும்.

இரண்டு வழிகள்

முதலிற் பிறந்தது மக்களுக்கான கந்தோர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் விவசாயம் நொடிந்து, கிராமத்தவர் நகரங்களுக்குப் பெயர்ந்துகொண்டிருந்தனர். இதனைக் கண்டு 1909இல் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, அபிவிருத்தி ஆணைக்குழு ஒன்றை உருவாக்கியது. கிராமத்துக் கைத்தொழில்களுக்கும் விவசாய ஆராய்ச்சிக்கும் மீன்பிடித் துறைமுகங்களுக்கும் பணம் கொடுப்பது அதன் வேலை. பல பெயர் மாற்றங்களின் பின் 1988இல் அது கிராம அபிவிருத்தி ஆணைக்குழு ஆயிற்று.

மண்ணுக்கான கந்தோர் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் வந்தது. 1949இல் தேசியப் பூங்காக்கள் சட்டம் நிறைவேறியது. அழகிய நிலப்பரப்பையும், பொதுமக்கள் அங்கே நடந்து திரியும் உரிமையையும் பார்த்துக்கொள்ள ஓர் ஆணைக்குழு அமைந்தது. அதே ஆண்டில், அரிய செடிகளையும் விலங்குகளையும் விஞ்ஞான முறையில் காப்பதற்கு இன்னொரு நிறுவனம் தோன்றியது. ஆக, மண்ணுக்கே இரண்டு கந்தோர்கள். ஒன்று 1968இல் நாட்டுப்புற ஆணைக்குழு ஆகவும், மற்றது 1991இல் இங்லிஷ் நேச்சர் ஆகவும் பெயர் மாறின.

தேசியப் பூங்கா என்றதும் வேலியடைத்த வில்பத்துவை நினைத்துவிடக் கூடாது. இங்குள்ள பூங்காக்களில் ஊர்கள் உண்டு, பாடசாலைகள் உண்டு, ஆட்டுப் பட்டிகள் உண்டு, கடைகள் உண்டு. 1951இல் தொடங்கிய பீக் டிஸ்ரிக்ற், லேக் டிஸ்ரிக்ற் பூங்காக்கள் இரண்டும் அப்படிப்பட்டவையே. எனவே மண்ணைக் காக்கும் கந்தோரின் ஒவ்வொரு முடிவும் அங்கு வாழ்பவரின் அடுப்படி வரை வந்து சேரும்.

ஒரு கூரையின் கீழ்

1999ஆம் ஆண்டு தொழிற்கட்சி அரசாங்கம் ஒரு புதிய முயற்சி செய்தது. நாட்டுப்புற ஆணைக்குழுவையும், கிராம அபிவிருத்தி ஆணைக்குழுவின் ஒரு பகுதியையும் சேர்த்து கன்றிசைட் ஏஜென்சி என்ற நிறுவனத்தை அமைத்தது. நிலத்தின் அழகும் மனிதரின் வாழ்வும் ஒரே கந்தோரின் மேசைக்கு வந்தன. ஆனால் தொழில் வளர்ச்சிக்கான பணம் அங்கே வரவில்லை. அது அதே ஆண்டில் லண்டனுக்கு வெளியே தொடங்கப்பட்ட எட்டுப் பிராந்திய அபிவிருத்தி முகவரகங்களுக்குப் போய்விட்டது. அதாவது, சேர்க்கும்போதே பிரித்தார்கள்.

இரண்டு வருடத்தில் பெரிய சோதனை வந்தது. 2001 பெப்ரவரியில் கால்நடைகளுக்குக் கோமாரி நோய் பரவியது. செப்டெம்பர் இறுதி வரை 2,026 இடங்களில் அது கண்டுபிடிக்கப்பட்டது. அவற்றுள் 893 கம்பிரியா மாவட்டத்தில் மட்டும். 60 இலட்சத்துக்கு மேற்பட்ட ஆடு, மாடு, பன்றிகள் கொல்லப்பட்டன. நோய் பரவாதிருக்க நாடெங்கும் நடைபாதைகள் மூடப்பட்டன. அப்போது ஓர் உண்மை வெளிப்பட்டது. பாதையை மூடியதும் விடுதிகள் வெறிச்சோடின, தேநீர்க் கடைகள் படுத்துவிட்டன, பஸ்காரனுக்கு ஆள் இல்லை. கிராமம் என்றால் பண்ணை மட்டுமே என்று எண்ணிய விவசாய அமைச்சு பண்ணையை மாத்திரம் பார்த்தது. பண்ணை அல்லாத பிழைப்புகளே கிராமங்களில் அதிகம் என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது. 2001 ஜூனில் அந்த அமைச்சு கலைக்கப்பட்டு, சுற்றாடல், உணவு, கிராம விவகாரங்கள் மூன்றையும் சேர்த்த டெஃப்ரா என்ற புதிய அமைச்சு உருவாயிற்று.

ஹஸ்கின்ஸ் பிரபு போட்ட கோடு

கிராமங்களுக்கான கந்தோர்கள் ஒன்றன் காலில் ஒன்று மிதிப்பதாக முறைப்பாடுகள் பெருகவே, உணவுக் கம்பனி ஒன்றை நடத்திய அனுபவமுள்ள ஹஸ்கின்ஸ் பிரபுவிடம் அரசாங்கம் இதனை ஆராயும்படி கேட்டது. 2003 நவம்பரில் அவருடைய அறிக்கை வெளியாயிற்று. அவர் சொன்னதன் சாரம் இரண்டு. முதலாவது, கொள்கை வகுப்பவரும் அதைச் செய்து முடிப்பவரும் வேறு வேறாக இருக்க வேண்டும். இரண்டாவது, நிலம் சம்பந்தமான வேலைகள் எல்லாம் ஒரே நிறுவனத்திடமும், தொழில், சமூகம் சம்பந்தமானவை பிராந்திய முகவரகங்களிடமும் உள்ளூராட்சிச் சபைகளிடமும் போக வேண்டும்.

கேட்பதற்கு இது நியாயமாகத்தான் இருந்தது. அப்போது கிராமப்புறத்துக்கென்று ஏறத்தாழ 100 விதமான உதவிப் பணத் திட்டங்கள் இருந்தன. ஒரு விவசாயி மதில் கட்ட ஒரு படிவம், மரம் நட இன்னொரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. 2004 ஜூலையில் வெளியான அரசாங்கத் திட்டம் அவற்றை மூன்றாகச் சுருக்குவதாகக் கூறியது.

இதன்படி 2006ஆம் ஆண்டு இயற்கைச் சுற்றாடல், கிராமியச் சமூகங்கள் சட்டம் நிறைவேறியது. சட்டத்தின் பெயரிலேயே இரண்டு பாதியும் இருப்பதைக் கவனியுங்கள். 2006 ஒக்டோபர் 1ஆம் திகதி கன்றிசைட் ஏஜென்சி மறைந்தது. அதன் நிலம் சார்ந்த பகுதியும், இங்லிஷ் நேச்சரும், டெஃப்ராவின் ஒரு பிரிவும் சேர்ந்து நேச்சுரல் இங்லண்ட் ஆயின. மக்கள் சார்ந்த பகுதி கிராமியச் சமூகங்கள் ஆணைக்குழு என்ற சிறிய நிறுவனமாயிற்று. சிற்றூர்களில் வறுமையிலும் வசதிக் குறைவிலும் வாழ்பவர்களின் தேவைகளை எடுத்துச் சொல்வதும், அரசுக்கு ஆலோசனை கூறுவதும், கண்காணிப்பதும் அதன் பணி.

பல் உள்ளதும் வாய் மட்டும் உள்ளதும்

இரண்டும் சமமாகப் பிரிக்கப்பட்டன போலத் தோன்றும். ஆனால் அவற்றின் கையிற் கொடுக்கப்பட்டவை சமமல்ல.

நேச்சுரல் இங்லண்டுக்குச் சட்டத்தின் பலம் உண்டு. விசேட விஞ்ஞான முக்கியத்துவம் உள்ள இடங்கள் என அறிவிக்கப்பட்டவை இங்கிலாந்தில் 4,000க்கு மேல் உள்ளன. அத்தகைய நிலத்தின் சொந்தக்காரர், குறித்த சில வேலைகளை அதன் அனுமதியின்றிச் செய்ய முடியாது. செய்தால் நீதிமன்றம் போகலாம். அதே 2006ஆம் ஆண்டுச் சட்டம், எல்லாப் பொது நிறுவனங்களும் தமது வேலைகளில் உயிரினப் பல்வகைமையைக் கருத்திற்கொள்ள வேண்டும் என்ற கடமையையும் விதித்தது. 2021ஆம் ஆண்டின் சுற்றாடல் சட்டம் அதனை மேலும் இறுக்கியது.

மக்களுக்கான ஆணைக்குழுவுக்கோ பேசும் வாய் மட்டுமே இருந்தது. அது அறிக்கை எழுதலாம், அமைச்சரிடம் சொல்லலாம். கேட்பதும் கேளாது விடுவதும் அமைச்சரின் விருப்பம். 2010 ஜூனில் அது மலைப்பகுதிச் சமூகங்களைப் பற்றி ஒரு நல்ல அறிக்கையை வெளியிட்டது. மலைநாட்டுப் பண்ணையும் இயற்கையும் வீடும் தொழிலும் சேர்த்தே பார்க்கப்பட வேண்டும் என்பது அதன் கருத்து. அதே மாதத்தில், செலவைக் குறைக்க ஆணைக்குழுவை மூடப்போவதாகப் புதிய கூட்டரசாங்கம் அறிவித்தது. 2013 மார்ச்சுடன் அது மறைந்தது.

பிராந்திய முகவரகங்களின் கதையும் அப்படியே முடிந்தது. 2012இல் அவை எட்டும் ஒழிக்கப்பட்டன. அவற்றின் இடத்தில் வியாபாரிகளும் கவுன்சில்களும் சேர்ந்த உள்ளூர்த் தொழில் கூட்டமைப்புகள் வந்தன. அவற்றுக்கான அரசாங்கப் பணமும் 2024இல் நின்றது. அந்த வேலை இப்போது கவுன்சில்களின் தலையில்.

ஆக, ஒரே சட்டத்தின் இரண்டு பாதிகளில் இயற்கைக்கான பாதி நிற்கிறது, மக்களுக்கான பாதி விழுந்துவிட்டது. இதனால் இயற்கைக்குத் தனி வெற்றி என்றும் சொல்ல முடியாது. நேச்சுரல் இங்லண்டின் பணமும் 2010க்குப் பின் பெருமளவு வெட்டப்பட்டது. 2018 மார்ச்சில் பிரபுக்கள் சபையின் குழுவொன்று இந்தச் சட்டத்தை ஆராய்ந்தபோது இரண்டு குறைகளையும் எடுத்துக் காட்டியது. கிராம மக்களின் விவகாரங்களை டெஃப்ராவிடமிருந்து எடுத்து, வீடமைப்பையும் உள்ளூராட்சியையும் கவனிக்கும் அமைச்சிடம் கொடுக்கலாம் என்றும் அது சிபார்சு செய்தது. அரசாங்கம் அதனை ஏற்கவில்லை.

இதிலிருந்து நாம் அறிந்துகொள்ள வேண்டியது ஒன்றுண்டு. பொறுப்பைப் பிரிப்பதில் தவறில்லை. ஆந்தையையும் பஸ்ஸையும் ஒரே உத்தியோகத்தர் பார்க்க முடியாது. ஆனால் பிரித்த பின்னர் ஒரு பக்கத்துக்குச் சட்டத்தையும், மறுபக்கத்துக்கு ஆலோசனையை மாத்திரமும் கொடுத்தால், கஷ்டகாலத்தில் எது முதலில் வெட்டப்படும் என்பதற்குச் சாத்திரம் பார்க்கத் தேவையில்லை.

எல்லைக் கோட்டில் வாழ்பவர்கள்

இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் மனிதர்கள் வாழ்கிறார்கள். தேசியப் பூங்காவினுள் வாடகைக்கு எடுக்க வீடில்லாத ஒரு இளம் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். வீடு கட்ட அனுமதி கொடுப்பது பூங்கா அதிகாரசபை. 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி அதன் நோக்கங்கள் இரண்டு: இயற்கையையும் பண்பாட்டையும் காப்பது, மக்கள் அவற்றை அனுபவிக்க வழிசெய்வது. இவை இரண்டும் மோதினால் காப்பதற்கே கூடிய இடம். உள்ளூர் மக்களின் பொருளாதார, சமூக நலனை வளர்க்க முயல வேண்டும் என்பதும் அதில் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் நோக்கமாக அல்ல, அந்த நோக்கங்களை நிறைவேற்றும்போது கவனிக்க வேண்டிய கடமையாக. வீடில்லாதோரைக் கவனிக்கும் பொறுப்போ வேறொரு கவுன்சிலுக்கு. அனுமதி ஓரிடத்தில், பொறுப்பு இன்னோரிடத்தில். நடுவில் நிற்பது அந்தக் குடும்பம்.

இரண்டையும் ஒரே மேசையில் வைத்து வென்ற இடமும் இல்லாமலில்லை. ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரையில் எய்க் என்றொரு சிறிய தீவு. நூறு பேருக்கும் குறைவானவர்களே அங்கு வாழ்ந்தனர். தீவு முழுவதும் ஒரு தனியாரின் சொத்து. குடியிருப்போருக்கு நிலவுறுதி இல்லாததால் வீட்டைத் திருத்தவும் துணியவில்லை. 1997 ஜூனில் சுமார் 15 இலட்சம் பவுண் சேர்த்துத் தீவை வாங்கினார்கள். வாங்கியது ஒரு தர்ம நிதியம். அதில் தீவு மக்களும், ஹைலண்ட் கவுன்சிலும், ஸ்கொட்லாந்து வனவிலங்கு நிதியமும் ஒன்றாக அமர்ந்தனர். ஊர்ச்சனம், உள்ளூராட்சி, இயற்கைக் காவலர் என்று மூவரும் ஒரே சபையில். 2008 பெப்ரவரியில் காற்று, நீர், சூரியன் மூன்றிலிருந்தும் மின்சாரம் எடுத்து, தீவுக்கு முதன்முறையாக 24 மணி நேர மின்சாரம் கொடுத்தார்கள். அதற்கு முன்னர் வீட்டுக்கு வீடு டீசல் இயந்திரம். அந்த மின்சாரம் சுற்றாடல் வேலையா, சமூக வேலையா என்று அங்கு யாரும் பிரித்துக் கேட்கத் தேவையிருக்கவில்லை.

எந்தக் கதவைத் தட்டுவது?

எல்லா ஊரும் எய்க் அல்ல. எனவே இங்கிலாந்தின் சிற்றூர் ஒன்றில் குடியேறுபவர்கள் பின்வருவனவற்றை அறிந்துவைப்பது நல்லது.

உங்கள் கவுன்சில் ரக்ஸ் பில்லை எடுத்துப் பாருங்கள். உங்கள் பணம் யார் யாருக்குப் போகிறது என்று அதில் வரிவரியாக இருக்கும். அந்தப் பெயர்களே நீங்கள் தட்ட வேண்டிய கதவுகள்.

கவுன்ரி கவுன்சில்: பாடசாலை, தெரு, நூலகம், முதியோர் பராமரிப்பு. நடைபாதையை யாரேனும் மறித்தாலும் இங்கேதான் முறையிட வேண்டும். லண்டனுக்கு வெளியே பெரும்பாலான இடங்களில் பஸ்கள் கம்பனிகளின் கையில் இருப்பதால், இலாபமில்லாத வழியை அவை கைவிடலாம். அத்தகைய வழிக்குப் பணம் கொடுத்து ஓடவைக்கும் அதிகாரம் இந்தக் கவுன்சிலுக்கு உண்டு. எனவே கம்பனிக்கு மட்டும் எழுதாமல் கவுன்சிலுக்கும் எழுதுங்கள்.

டிஸ்ரிக்ற் கவுன்சில்: வீடு, கட்டட அனுமதி, குப்பை, வரி. கடைக்காரர்கள் கவனிக்க வேண்டியது: 3,000 பேருக்குக் குறைந்த சனத்தொகையுள்ள கிராமப்புற ஊரில் உங்களுடையதே ஒரேயொரு கடையாக, தபாற்கந்தோராக அல்லது பெற்றோல் நிலையமாக இருந்து, அதன் வரி மதிப்பும் குறித்த எல்லைக்குள் இருந்தால், வியாபார வரியிலிருந்து முழு விலக்குக் கேட்கலாம். ஊரின் கடை மூடப்படக் கூடாது என்பதற்காகவே இந்தச் சலுகை. கேட்டுப் பார்க்காமல் வரி கட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

சில இடங்களில் இவ்விரு கவுன்சில்களும் ஒன்றாகிவிட்டன. கம்பிரியாவிலும் வட யோர்க்ஷயரிலும் 2023 ஏப்ரலில் இது நடந்தது. அங்கே ஒரே கதவு.

என்வயரன்மென்ற் ஏஜென்சி: ஆறு, வெள்ளம், நீரில் கழிவு. ஆற்றில் மீன் செத்து மிதந்தாலோ எண்ணெய் படர்ந்தாலோ 0800 80 70 60 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் இலவசமாக அறிவிக்கலாம். தூண்டில் போடுபவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. ஆற்றிலோ குளத்திலோ தூண்டில் போட 13 வயது நிரம்பியவர்களுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். 16 வயது வரை அது இலவசம்; ஆயினும் எடுத்துவைத்திருக்க வேண்டும். சீட்டில்லாமற் பிடிபட்டால் குற்றப்பணம் உண்டு. அதற்கு மேல் அந்த நீர்நிலைச் சொந்தக்காரரின் அனுமதியும் தேவை.

நேச்சுரல் இங்லண்ட்: காக்கப்பட்ட நிலம், அரிய உயிரினங்கள். உங்கள் காணிக்குப் பக்கத்தில் அத்தகைய இடமோ உயிரினமோ இருந்தால் இவர்கள் உங்கள் வாழ்வில் வருவார்கள்.

பரிஷ் கவுன்சில்: இதுதான் எல்லாவற்றிலும் சிறியது, 1894இலிருந்து இருந்துவருவது. இங்கிலாந்தில் சுமார் 10,000 உண்டு. பணமும் அதிகாரமும் குறைவு. ஆனால் பஸ்ஸையும் ஆற்றையும் வீட்டையும் ஒரே கூட்டத்தில் பேசக்கூடிய இடம் இன்று இது ஒன்றுதான். கட்டட விண்ணப்பங்களில் இதன் அபிப்பிராயமும் கேட்கப்படும். தோட்டம் செய்ய ஆசையுள்ளவர்களுக்கு இன்னொரு செய்தி: கவுன்சில் வரி கட்டுபவர்களோ வாக்காளர்களோ 6 பேர் சேர்ந்து தோட்டத்துண்டு வேண்டுமென எழுத்தில் கேட்டால், 1908ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தக் கோரிக்கையைக் கவுன்சில் கவனத்தில் எடுத்தே ஆகவேண்டும்.

எமது குரலுக்கும் இடமுண்டு

பரிஷ் கவுன்சில் கூட்டங்களுக்கு எவரும் போய் உட்காரலாம். ஆண்டுக்கு ஒருமுறை, மார்ச் 1க்கும் ஜூன் 1க்கும் இடையில் நடக்கும் ஊர்க்கூட்டத்தில் வாக்காளர் எல்லோரும் எழுந்து பேசலாம். இலங்கை கொமன்வெல்த் நாடாகையால், இங்கு வதிய அனுமதி பெற்ற 18 வயது நிரம்பிய இலங்கைக் குடிமக்கள் பிரித்தானியக் குடியுரிமை எடுக்க முன்னரே வாக்காளராகப் பதியலாம். நிரந்தர வதிவுரிமை பெற்றவர்கள், அவ்வூரில் 12 மாதம் வாழ்ந்திருந்தாலோ வாக்காளர் இடாப்பில் இருந்தாலோ, கவுன்சிலுக்குப் போட்டியிடவும் முடியும். எம்மவரிற் பலர் இதனை அறியாதிருக்கிறார்கள்.

கிராமத்து மக்களுக்காகப் பேசுவதற்கென்று அமைக்கப்பட்ட ஆணைக்குழு இன்று இல்லை. அந்த வேலை ஊரில் இருப்பவர்களிடமே திரும்பி வந்திருக்கிறது. நாமும் இப்போது அந்த ஊரில் இருப்பவர்கள்தான். அடுத்த கூட்டம் எப்போது என்று ஊர் மண்டபத்து அறிவித்தற் பலகையில் ஒட்டியிருப்பார்கள். ஆங்கிலம் தடக்கினாலும் பரவாயில்லை, பள்ளிக்கூடம் போகும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஒருமுறை போய்ப் பாருங்கள்.